கலோரி குறைந்த உணவுகளால் எடை குறையுமா? தட்டில் செய்து பார்க்க முழு வழிகாட்டி

வெள்ளரிக்காயில் 100 கிராமுக்கு 15 கலோரிதான். அதைத் தினமும் அரைக் கிலோ சாப்பிட்டும் எடை அசையவே இல்லை என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. வழக்கமான சாப்பாடு வழக்கம்போல நடந்தது, வெள்ளரிக்காய் அதற்கு மேல் போனது. கணக்கில் 75 கலோரி கூடியதுதான் மிச்சம்.

கலோரி குறைந்த உணவு எடை குறைய உதவும். ஆனால் அதிகக் கலோரி உள்ள ஏதோ ஒன்றைத் தட்டிலிருந்து தள்ளிவிட்டு அந்த இடத்தில் அது உட்கார வேண்டும். 2014ல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு இதைத் தெளிவாகவே காட்டியது: காய்கறியும் பழமும் கூடுதலாகச் சாப்பிடுங்கள் என்று மட்டும் சொல்லப்பட்டவர்களுக்கு, சொல்லிக்கொள்ளும் அளவுக்கு எடை குறையவில்லை. எதைக் குறைப்பது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லையே!

கீழே உள்ள படிகள் அந்த இடமாற்றத்தைச் செய்வது எப்படி என்பதற்கானவை. வரிசையை மாற்றாதீர்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் நேராக 4ஆம் படிக்குப் போய், எதைக் குறைப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் குறைத்து, பசி தாங்காமல் விட்டுவிடுகிறார்கள்.

தொடங்கும் முன்

முதலில், இது யாருக்குச் சரிப்படாது என்று பார்த்துவிடலாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், சாப்பாட்டைத் தவிர்ப்பது அல்லது சாப்பிட்டதை வாந்தி எடுப்பது போன்ற சிக்கல் முன்பு இருந்தவர்கள் ஆகியோர் மருத்துவர் துணை இல்லாமல் இறங்கக் கூடாது.

மருந்து சாப்பிடுபவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்களும் சில வகைச் சர்க்கரை மாத்திரைகள் எடுப்பவர்களும் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையைத் திடீரென அதிகமாக்கினால், அதில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். சில கொலஸ்ட்ரால் மாத்திரைகளோடு கிரேப்ஃபுரூட் (திராட்சை அல்ல, பம்ப்ளிமாஸ் போன்ற ஒரு பழம்) சேரக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் அதிகமான காய்களும் பழங்களுமே தொந்தரவு ஆகலாம். காய்கறிதானே, என்ன செய்துவிடும் என்று நினைக்க வேண்டாம்.

தேவைப்படும் பொருட்கள் மூன்றுதான்: கிராம் கணக்கில் காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு, அளவு ஸ்பூன்கள், ஒரு நோட்டுப் புத்தகம் அல்லது போனில் குறிப்பு எழுதும் இடம். உடல் எடை பார்க்கும் கருவி 10ஆம் படியில் வேண்டியிருக்கும். விசேஷ மாவு, பவுடர், ‘டயட்’ என்று அச்சிட்ட பாக்கெட் எதுவும் வேண்டாம்.

1. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

இதைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. உற்சாகமாக இருக்கும்போது உடனே எதையாவது செய்ய வேண்டும் போலிருக்கும். ஆனால் இப்போது என்ன சாப்பிடுகிறீர்கள் என்று தெரியாமல் எதை மாற்றுவது?

ஏழு நாளும் வாயில் போனது எல்லாவற்றையும் எழுதுங்கள். முடிந்தவரை எடை போட்டு எழுதுங்கள். சாப்பிட்ட உடனே எழுதுவது முக்கியம். இரவில் உட்கார்ந்து நினைவுபடுத்தி எழுதினால் சாப்பாடு நினைவில் இருக்கும், இடையில் கொறித்தது இருக்காது. சமைக்கும்போது ருசி பார்த்தது, குழந்தை மிச்சம் வைத்ததை எடுத்துச் சாப்பிட்டது, அலுவலகத்தில் யாரோ நீட்டிய பிஸ்கட், காபியில் போட்ட சர்க்கரை எல்லாம் பட்டியலில் வர வேண்டும்.

எழுதத் தொடங்கியதுமே பலர் நல்ல பிள்ளையாகிவிடுவார்கள். பிஸ்கட்டை எழுதக் கூச்சப்பட்டு அதைத் தவிர்ப்பார்கள். அந்த வாரம் மட்டும் அப்படிச் செய்யாதீர்கள். திருந்திய ஒரு வாரத்தைப் பார்த்துத் திட்டம் போட்டால், திருந்தாத வாரங்களுக்கு அது பொருந்தாது.

2. கலோரி குவியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

வாரம் முடிந்ததும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே சுமாரான கலோரியைப் போடுங்கள். கணக்கின் அடிப்படை எளிது: கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தும் புரதமும் தலா 4, ஆல்கஹால் 7. நார்ச்சத்து சுமார் 2. தண்ணீருக்குச் சுழியம்.

பிறகு பெரிய எண்கள் மூன்றை மட்டும் வட்டமிடுங்கள். அவற்றில் ஒன்றாவது எதிர்பாராத இடத்தில் இருக்கும். பெரும்பாலும் அது தட்டில் ஒரு தனிப் பண்டமாகக் கண்ணில் படாத ஒன்று: எண்ணெய், சர்க்கரை போட்ட பானம், கைப்பிடி கைப்பிடியாக எடுத்த பாதாம், மாலையில் டிவி முன்னால் தீர்ந்த சிப்ஸ் பாக்கெட்.

நீங்கள் கை வைக்கப்போவது இந்த மூன்றில்தான். மற்றதை இப்போதைக்கு அப்படியே விடுங்கள். ஒரே நாளில் மொத்தச் சமையலையும் மாற்றியவர்களைவிட, மூன்று இடத்தில் மட்டும் மாற்றியவர்கள்தான் அதிக நாள் தாக்குப்பிடிக்கிறார்கள்.

3. 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று பாருங்கள்

எந்த உணவு கலோரி குறைந்தது என்பதை அதன் பெயரோ நற்பெயரோ சொல்லாது. 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்ற எண்தான் சொல்லும். இதைக் கலோரி அடர்த்தி என்று வைத்துக்கொள்வோம். 60க்குள் இருந்தால் மிகக் குறைவு, 150 வரை குறைவு, 400 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம்.

வெள்ளரி 15, தக்காளி 18, காளான் 22, கீரை 23, முட்டைக்கோஸ் 25, தர்பூசணி 30, கேரட் 41, ஆப்பிள் 52 என்று முதல் படிநிலையில் இருப்பவை பெரும்பாலும் தண்ணீர் நிறைந்த காய்களும் பழங்களும். வேகவைத்த உருளைக்கிழங்கு 87, வாழைப்பழம் 89, வெந்த பருப்பு 116, வெந்த சாதம் 130 ஆகியவை இரண்டாவது. அவித்த முட்டையும் தோல் நீக்கிச் சமைத்த கோழி நெஞ்சுக்கறியும் 150ஐ லேசாகத் தாண்டி மூன்றாவதில் வரும். பாதாம் 580ஐ ஒட்டி, வெண்ணெய் 717, எண்ணெய் 884.

இதையே திருப்பிப் போட்டால்தான் உறைக்கும். 100 கலோரிக்கு எவ்வளவு கிடைக்கும்? வெள்ளரி அறுநூற்றைம்பது கிராம். தக்காளி அரைக் கிலோவுக்கு மேல். ஆப்பிள் ஒன்று, நன்றாகப் பெரியதாக. சாதம் 77 கிராம், அதாவது ஒரு சின்னக் கரண்டி. பாதாம் பதினான்கு. எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன்கூடக் கிடையாது.

வயிறு கலோரியை எண்ணுவதில்லை. எவ்வளவு உள்ளே வந்தது, எவ்வளவு நேரம் மென்றோம், எவ்வளவு விரிந்தது என்பதைக் கொண்டே பெரும்பாலும் போதும் என்கிறது. மனிதர்கள் நாளொன்றுக்குச் சாப்பிடும் உணவின் எடை ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும் போக்கு உண்டு. அதே எடையில் கலோரி குறைவான உணவு இருந்தால், பசி பெரிதாகத் தெரியாமலே கணக்கு இறங்கும். மொத்த முறையும் இந்த ஒரு பிடிமானத்தில்தான் நிற்கிறது.

இங்கே தடுக்கி விழும் இடங்கள் சில.

வேகாத எடைக்கும் வெந்த எடைக்கும் குழப்பம். அரிசி 100 கிராமுக்கு சுமார் 360 கலோரி. அது தண்ணீர் குடித்துச் சாதமானதும் 100 கிராமுக்கு 130. ஓட்ஸ் உலர்ந்த நிலையில் 380 அளவில் இருக்கும், தண்ணீரில் கஞ்சியானதும் 70ஐச் சுற்றி. சாதத்தை எடை போட்டு அரிசியின் எண்ணைப் பெருக்கியவர், நான் இவ்வளவு சாப்பிடுகிறேனா என்று பயந்துபோவார். அரிசியை எடை போட்டுச் சாதத்தின் எண்ணைப் பெருக்கியவர், எடை ஏன் இறங்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்.

உலர்ந்த பண்டங்கள் அடுத்தது. திராட்சை 69, அதுவே உலர்திராட்சை ஆனால் 299. தண்ணீர்தான் போனது, சர்க்கரை அப்படியே இருக்கிறது. பொரித்த தானியங்களும் இப்படித்தான்: கையில் எடுத்தால் பஞ்சு போல இருக்கும், 100 கிராமுக்கு 380 கலோரிக்கு மேல் இருக்கும். எண்ணெய் இல்லாமல் பொரித்த பாப்கார்ன் ஒரு கப் 30 கலோரிதான் என்பதால் ஒன்றிரண்டு கப்போடு நிறுத்துபவர்களுக்கு அது நல்ல தேர்வு. பாத்திரத்தோடு மடியில் வைத்துக்கொள்பவர்களுக்கு அல்ல.

கடைசியாக, ‘மைனஸ் கலோரி’ உணவு. செலரி, வெள்ளரி போன்றவற்றைச் செரிக்க, அவை தருவதைவிட அதிகக் கலோரி செலவாகும் என்று ஒரு பேச்சு உண்டு. அப்படி ஓர் உணவு கிடையாது. செரிமானத்துக்கு அதிகம் செலவாவது புரதத்துக்கு, அதுவே 20 முதல் 30 சதவீதம்தான். மாவுச்சத்துக்கு 5 முதல் 10. கொழுப்புக்கு 3 சதவீதத்துக்குள். எலுமிச்சை கலந்த வெந்நீர், வினிகர் போன்றவை கொழுப்பைக் கரைக்கும் என்பதும் இதே ரகம். பிடித்தால் குடியுங்கள், கணக்கில் வைக்காதீர்கள்.

4. ஒரே ஒரு வேளையில் இடம் மாற்றுங்கள்

இதுதான் மையமான படி, நிதானமாகச் செய்யுங்கள். எந்த வேளையில் மிக அதிகமாகச் சாப்பிடுகிறீர்களோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற வேளைகள் பழையபடியே இருக்கட்டும்.

ஓர் உதாரணத்தை எண்ணோடு பார்ப்போம். தட்டில் சாதம் 300 கிராம், வெந்த பருப்பு 100 கிராம், 80 கிராம் காயை ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் வதக்கியது. சாதம் 390, பருப்பு 116, காய் 20, எண்ணெய் 124. மொத்தம் 650 கலோரி. தட்டின் எடை 500 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு.

இப்போது மாற்றிய தட்டு. சாதம் 180 கிராம், பருப்பு 150 கிராம், காய் 250 கிராம், எண்ணெய் ஒரு டீஸ்பூன். 234, 174, 62, 40 என்று கூட்டினால் 510 கலோரி. தட்டின் எடை சுமார் 585 கிராம்.

கவனித்தீர்களா? 140 கலோரி குறைந்தது, ஆனால் தட்டில் 90 கிராம் அதிகமாக இருக்கிறது. பருப்பு கூடியதால் புரதமும் கூடியது. இதே மாற்றம் இரண்டு வேளைக்கும் வந்தால் நாளுக்கு 280 கலோரி. உடல் கொழுப்பு ஒரு கிலோவுக்குச் சுமார் 7700 கலோரி என்று வைத்தால், தொடக்கத்தில் மாதம் ஒரு கிலோவுக்கு வழி இருக்கிறது. பானத்திலும் கொறிப்பதிலும் இன்னொரு 200 குறைந்தால் வாரம் அரைக் கிலோவை நெருங்கும்.

செய்யும் வரிசை இது: முதலில் காயை 250 கிராமுக்கு உயர்த்தித் தட்டில் வையுங்கள். அடுத்து பருப்பு, முட்டை, மீன், கோழி என்று புரதம் எதுவோ அது. மிச்சம் இருக்கும் இடத்தில்தான் சாதமோ ரொட்டியோ. சாதத்தை முதலில் பரிமாறிவிட்டு மீதி இடத்தில் காயை வைக்கப் பார்த்தால் இடம் இருக்காது. எப்போதும் தோற்பது காய்தான்.

காயை 80லிருந்து 250 கிராமுக்கு ஒரே நாளில் தூக்கினால் வயிறு உப்பும், வாயு பிடிக்கும். நார்ச்சத்தைப் புளிக்கவைக்கும் குடல் கிருமிகள் பழகிக்கொள்ள நாள் எடுக்கும். ஒரு வாரம் 130, அடுத்த வாரம் 190 என்று ஏற்றுங்கள், தண்ணீரும் கூடவே போகட்டும். இந்த ஒரு காரணத்தாலேயே ‘எனக்குக் காய்கறி ஒத்துக்காது’ என்ற முடிவுக்கு வந்தவர்கள் ஏராளம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது காயும் பழமும் சேர்த்து நாளுக்குக் குறைந்தது 400 கிராம். அவசரமில்லாமல் ஏறினால் அது எட்டாத உயரம் இல்லை.

எல்லாவற்றையும் நீக்கிவிட்டு வெறும் காய்கறி சாப்பிடுவது இன்னொரு தவறு. முட்டைக்கோஸ் சூப் மட்டும், வெள்ளரி மட்டும் என்று ஒரு வாரம் இருப்பவர்களுக்கு எடை வேகமாக இறங்கும், உண்மைதான். அதில் பெரும்பகுதி தண்ணீர், ஒரு பகுதி தசை. நாளுக்கு 800 கலோரிக்கும் கீழே போகும் உணவுமுறைகள் மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே செய்ய வேண்டியவை. வேகமாக எடை இறங்கும்போது பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது.

5. எண்ணெயை அளந்து ஊற்றுங்கள்

காயைத் தேர்ந்தெடுப்பதில் மிச்சம் பிடித்ததை எல்லாம் வாணலியில் தொலைத்துவிட ஒரு நொடி போதும். 200 கிராம் கத்தரிக்காய் 50 கலோரி. அது பஞ்சு போல எண்ணெய் குடிக்கும். மூன்று டேபிள்ஸ்பூன் ஊற்றினால் 370 கலோரி சேர்ந்துவிட்டது. சாப்பிடுபவர் மனதில் இன்னும் அது ‘காய்கறி’தான்.

பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாதீர்கள். ஸ்பூனில் அளந்து ஊற்றுங்கள். தராசு இருந்தால் பாட்டிலையே தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, ஊற்றிய பின் திரும்ப வையுங்கள். மைனஸில் எத்தனை கிராம் காட்டுகிறதோ அதுதான் போன எண்ணெய். முதல் தடவை பார்ப்பவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

குறைவான எண்ணெயில் காய் அடிப்பிடித்தால் இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடி வையுங்கள், ஆவியில் வெந்துவிடும். வதங்கிய வாசனை வேண்டுமென்றால் முதலில் வேகவைத்துவிட்டு, கடைசியில் ஒரு டீஸ்பூன் எண்ணெயில் அதிக சூட்டில் புரட்டுங்கள். எண்ணெய் மேலே பூச்சாக நிற்கும், உள்ளே அவ்வளவாக இறங்காது.

அதற்காக எண்ணெயை முழுக்க நிறுத்த வேண்டாம். வைட்டமின் ஏ, டி, ஈ, கே ஆகியவை கொழுப்பில் கரைபவை. கொழுப்பே சேராத சாலட்டில் உள்ள கரோட்டின் வகைச் சத்துகள் ரத்தத்தில் ஏறுவது மிகமிகக் குறைவு என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ஒரு டீஸ்பூன் போதும், சுழியம் கூடாது.

சாலட்டில் இதே கதை வேறு உருவத்தில் வரும். மயோனைஸ் ஒரு டேபிள்ஸ்பூன் 95 கலோரி அளவில் இருக்கும். 200 கிராம் வெள்ளரிக்கு இரண்டு ஸ்பூன் போட்டால் 30 கலோரி வெள்ளரி 220 கலோரி ஆகிவிடும். கெட்டித் தயிர், எலுமிச்சை, மிளகு, உப்பு சேர்த்து அடித்தால் அதே பதம் கிடைக்கும், கலோரி கால்வாசிக்கும் கீழே.

6. எதை முதலில் சாப்பிடுவது

பசி உச்சத்தில் இருக்கும்போது முதலில் எது கைக்கு எட்டுகிறதோ அதைத்தான் அதிகம் சாப்பிடுவோம். அந்த இடத்தைக் கலோரி குறைந்த உணவுக்குக் கொடுங்கள்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழுவினர் இதை விதவிதமாகச் சோதித்திருக்கிறார்கள். கலோரி குறைந்த சாலட்டை மூன்று கப் அளவுக்கு முதலில் கொடுத்தபோது அந்த வேளையின் மொத்தக் கலோரி 12 சதவீதம் குறைந்தது. அதே அளவு சாலட்டில் சீஸும் கொழுப்பான டிரெஸ்ஸிங்கும் சேர்த்துக் கொடுத்தபோது மொத்தம் 17 சதவீதம் கூடியது. சூப்பை முதலில் குடித்தவர்களுக்குச் சுமார் 20 சதவீதம் குறைந்தது. முழு ஆப்பிளைத் துண்டுகளாகத் தின்றவர்களுக்கு 15 சதவீதம் குறைந்தது, ஆப்பிள் ஜூஸ் குடித்தவர்களுக்கு அப்படி நடக்கவில்லை.

இந்தக் குழுவின் இன்னொரு சோதனை எனக்குப் பிடித்தமானது. சமைத்த உணவைத் தனியாகக் கொடுத்து ஒரு டம்ளர் தண்ணீரையும் கொடுத்தால் பெரிய மாற்றமில்லை. அதே தண்ணீரை உணவோடு சேர்த்து சூப்பாக்கிக் கொடுத்தால் பிறகு சாப்பிடும் அளவு குறைகிறது. அதனால் சாப்பாட்டுக்கு முன் தண்ணீரை மடக் மடக்கென்று குடிப்பதைவிட, காய் நிறைந்த நீர்த்த சூப் நன்றாக வேலை செய்யும். கிரீம் சேர்த்த சூப்புக்கு இது பொருந்தாது.

செய்முறை இவ்வளவுதான்: சூப்பையோ சாலட்டையோ தனியாக முதலில் முடியுங்கள், பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள், பிறகு முக்கியத் தட்டுக்கு வாருங்கள். முக்கியத் தட்டை ஏற்கெனவே குறைத்த அளவில் பரிமாறி வையுங்கள். சூப்பும் குடித்து, பழைய அளவையும் வைத்துக்கொண்டால், தட்டில் இருப்பதை வீணாக்கக் கூடாது என்ற பழக்கம் ஜெயித்துவிடும்.

7. புரதத்தை விட்டுவிடாதீர்கள்

கலோரி குறைந்த உணவு என்று தேடினால் வருவது எல்லாம் காயும் பழமும்தான். அவற்றில் புரதம் மிகக் குறைவு. கலோரி பற்றாக்குறையில் இருக்கும் உடல், புரதமும் கிடைக்காவிட்டால் தசையையும் சேர்த்துக் கரைக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை என்பது எடை குறைப்பவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. இதிலும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

ஒரு முட்டையில் 6 கிராம், வெந்த பருப்பு 100 கிராமில் 9, சமைத்த கோழி நெஞ்சுக்கறியில் 31. ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒன்று இருக்கட்டும். காலையில் பழம் மட்டும் சாப்பிட்டவர் பதினொரு மணிக்கு பிஸ்கட் டப்பாவைத் திறப்பது மனவலிமைக் குறைவால் இல்லை.

வேகவைத்த உருளைக்கிழங்கைப் பற்றி ஒரு வார்த்தை. 1995ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து, எது அதிக நேரம் பசி தாங்குகிறது என்று அளந்தார்கள். வெள்ளை ரொட்டியை 100 என்று வைத்தால் முதலிடத்தில் நின்றது வேகவைத்த உருளைக்கிழங்கு, 323 மதிப்பெண்ணோடு. கடைசி இடம் வெண்ணெய் மிகுந்த பன் வகையான குரோசான், 47. எடை குறைக்க முடிவு செய்ததும் முதலில் துரத்தப்படுவது உருளைக்கிழங்குதான். பொரித்ததைத் துரத்துங்கள். வேகவைத்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

8. குடிப்பதையும் எழுதுங்கள்

330 மில்லி கோலா ஒரு கேன் சுமார் 140 கலோரி. கால் லிட்டர் ஆரஞ்சு ஜூஸ் சுமார் 110. இரண்டுமே மென்று விழுங்காததால் பசியை அவ்வளவாக அடக்காது. அடுத்த சாப்பாடும் குறையாது. இனிப்புப் பானத்தின் இடத்தில் தண்ணீர் வருவதுதான் இந்த வழிகாட்டியிலேயே மிகச் சுலபமான இடமாற்றம். சமைக்க வேண்டியதில்லை, எடை போட வேண்டியதில்லை. பழத்தைப் பழமாகவே சாப்பிடுங்கள்.

சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பு சேர்த்த பானங்கள்? எடைக் கட்டுப்பாட்டுக்காக அவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் பரிந்துரைத்தது. தினமும் நான்கு கேன் குடிப்பவர் இறங்கிவரும் படிக்கட்டாக அதைப் பயன்படுத்தலாம் என்பது என் எண்ணம். போய்ச் சேர வேண்டிய இடம் தண்ணீர்.

9. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கம் விற்பவருக்கு, பின்பக்கம் உங்களுக்கு. ‘லைட்’, ‘டயட்’, ‘கொழுப்பு குறைந்தது’ என்ற சொற்களை விட்டுவிட்டு 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்ற வரியை மட்டும் தேடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் திட உணவு ஒன்றைக் கலோரி குறைந்தது என்று விளம்பரப்படுத்த 100 கிராமுக்கு 40 கலோரிக்கு மேல் போகக் கூடாது. பாக்கெட் பிஸ்கட் எதுவும் அதன் பக்கத்திலேகூட வராது.

கொழுப்பைக் குறைத்த பண்டங்களில் ருசி போய்விடக் கூடாதே என்று சர்க்கரையோ மாவோ சேர்ப்பது உண்டு. இரண்டு பாக்கெட்டையும் கையில் வைத்து எண்ணை ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருபது முப்பது கலோரிதான் என்றால், பிடித்ததை வாங்கி அளவாகச் சாப்பிடுங்கள்.

‘ஒரு சர்விங்’, அதாவது ஒரு தடவைக்கு என்று பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு, அதில் ஏமாறாதீர்கள். அமெரிக்க விதிப்படி ஒரு சர்விங்கில் 5 கலோரிக்குக் குறைவாக இருந்தால் சுழியம் என்று போடலாம். அதனால்தான் எண்ணெய் ஸ்ப்ரே டப்பாவில் சுழியம் என்று இருக்கும். அதில் சர்விங் என்பது கால் நொடி அழுத்துவது! யார் கால் நொடியில் விரலை எடுக்கிறார்கள்?

லேபிளில் சில சமயம் கிலோஜூலும் இருக்கும். அந்த எண் நான்கு மடங்குக்கும் மேல் பெரிதாகத் தெரியும். கி.கலோரி என்று உள்ள வரியைப் படியுங்கள், நாம் கலோரி என்று பேசுவது அதைத்தான்.

10. எடையை வாரச் சராசரியாகப் பாருங்கள்

காலையில் கழிப்பறை போய்வந்து, எதுவும் சாப்பிடாமல், ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். தினமும் குறித்து, ஏழு நாளின் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். ஒருநாள் எண் எதையும் சொல்லாது. உப்பு கூடிய ஒரு சாப்பாடு, மலச்சிக்கல், மாதவிடாய், கடினமான உடற்பயிற்சி எதுவும் ஒரு கிலோவை ஏற்றியும் இறக்கியும் காட்டும்.

முதல் வாரம் வேகமாக இறங்கினால் சந்தோஷப்படுங்கள், அதையே அளவுகோலாக வைக்காதீர்கள். மாவுச்சத்தை உடல் கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்து குறைந்ததும் அந்தத் தண்ணீர் வெளியேறுகிறது. மூன்றாவது வாரத்திலிருந்து தெரிவதுதான் உண்மையான வேகம். வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ என்பதே பெரும்பாலானவர்களுக்குப் பாதுகாப்பான எல்லை. அதற்கும் குறைவாக இறங்கினாலும் இறங்குவது இறக்கம்தான்.

எதிர்பார்ப்பையும் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். 2007ல் வெளியான, ஓராண்டு நடந்த ஒரு சோதனையில் பருமனான பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். கொழுப்பை மட்டும் குறைத்தவர்கள் சராசரியாக 6.4 கிலோ இறங்கினார்கள். கொழுப்பைக் குறைத்ததோடு காய், பழம் போன்ற நீர்ச்சத்து மிக்க உணவையும் கூட்டியவர்கள் 7.9 கிலோ. வித்தியாசம் ஒன்றரைக் கிலோ. ஆனால் இரண்டாவது குழு எடையளவில் அதிகம் சாப்பிட்டது, பசியும் குறைவாகவே இருந்தது. எனக்குப் பெரிதாகப்படுவது இந்தப் பசி விஷயம்தான்.

11. எடை நின்றுவிட்டால்

நான்கு வாரச் சராசரி அசையாமல் இருந்தால் மட்டும் இந்தப் படிக்கு வாருங்கள். பத்து நாள் நின்றதற்குப் பதறி இன்னொரு வேளையை வெட்டிவிட வேண்டாம்.

முதலில் 1ஆம் படியைத் திரும்பச் செய்யுங்கள். பெரும்பாலும் எண்ணெய் ஸ்பூன் மறந்துபோய் பாட்டில் திரும்ப வந்திருக்கும், அல்லது ‘சாலட்தானே சாப்பிட்டேன்’ என்ற தைரியத்தில் ஓர் இனிப்பு நுழைந்திருக்கும். இந்த இரண்டாவது மிகவும் தந்திரமானது. 50 கலோரி சாலட் 300 கலோரி கேக்குக்கு அனுமதிச் சீட்டாகிவிடும்.

அளவு எல்லாம் சரியாக இருந்தால், உடல் சிறியதாகிவிட்டது என்று அர்த்தம். 90 கிலோ உடலுக்கான செலவைவிட 80 கிலோ உடலின் செலவு குறைவு. முன்பு பற்றாக்குறையாக இருந்தது இப்போது சரியாகப் போய்விடுகிறது. 2ஆம் படியில் வட்டமிட்ட மூன்றைத் தாண்டி நான்காவதாக ஒன்றைக் கண்டுபிடித்து, அதே முறையில் இடம் மாற்றுங்கள். தினமும் அரை மணி நேரம் நடையைச் சேர்ப்பதும் உதவும்.

பாக்கெட் உணவு பட்டியலில் இன்னும் நிறைய இருந்தால், நான்காவதாக அதை எடுங்கள். 2019ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரை உள்ளேயே தங்கவைத்து, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு என்று இஷ்டம்போல் சாப்பிடவிட்டார்கள். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள்.

12. போதும் என்ற எடை வந்த பிறகு

இங்கே பலர் செய்வது, தராசையும் நோட்டையும் எடுத்து வைத்துவிட்டுப் பழைய தட்டுக்குத் திரும்புவது. பழைய தட்டு பழைய உடலுக்கானது, எடை திரும்பி வந்துவிடும்.

காயின் அளவு, சாப்பிடும் வரிசை, எண்ணெய் ஸ்பூன் மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, சாதத்தையோ ரொட்டியையோ மட்டும் நாளுக்கு 100 கலோரி கணக்கில் கூட்டுங்கள். சாதம் என்றால் 77 கிராம். இரண்டு வாரம் எடைச் சராசரியைப் பாருங்கள். இன்னும் இறங்கினால் மேலும் 100. ஏறத் தொடங்கினால் கடைசியாகக் கூட்டியதை எடுத்துவிடுங்கள். சராசரி எந்த அளவில் நிற்கிறதோ, அந்த அளவுக்குச் சாதம் பிடிக்கும் ஒரு கிண்ணத்தைத் தேர்ந்தெடுத்துப் பரிமாற வைத்துக்கொண்டால் பிறகு தராசுக்கு வேலை இருக்காது.